மேரிக்கு ஆலோசனை கூறுக

1

போன வாரம் எங்கள் துறை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்த ஆண்டுக்கான பரீட்சைக் கேள்விகளை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம். போன வருஷத்துக் கேள்விகளையே வைத்துக்கொள்வதென்றால் கீழே உள்ள கட்டத்தில் ஒரு சரி போட்டால் போதுமாம். ஆறு வருஷமாக நான் அந்தச் சரியைத்தான் போட்டு வந்தேன். இந்த முறை மடிக்கணினியை மூடிவிட்டுத் தேநீர் போடப் போனேன். போட்ட தேநீரைக் குடிக்கவும் மறந்துவிட்டேன்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் நான் காணிச் சட்டம் கற்பிக்கிறேன். இந்தப் பாடத்தில் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது லேசான வேலை இல்லை. குற்றவியல் சட்டம் கற்பிப்பவருக்குக் கொலையும் கொள்ளையும் இருக்கின்றன. எனக்கு வேலியும் வழிப்பாதையும்தான். அதனால் வந்த புதிதில் ஒரு முடிவு எடுத்தேன். சட்டப் பிரிவிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, ஒரு மனிதரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதைப் பற்றிக் கூட்டங்களில் பேசினேன், கட்டுரை எழுதினேன். சட்டக் கல்வியைத் திருத்த வந்தவன் என்று இங்கே எனக்கு ஒரு சின்னப் பெயர்கூட உண்டு.

சட்டம் படித்தவர்களுக்கு எங்கள் கேள்விகளின் அமைப்பு தெரியும். ஒரு கதை சொல்வோம். கடைசி வரியில் ‘இன்னாருக்கு ஆலோசனை கூறுக’ என்று முடிப்போம். என் கதையின் நாயகி மேரி. நோயாளியான பெரியப்பாவைப் பார்த்துக்கொள்ள மேரி தன் வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்தில் பெரியப்பா, ‘இந்த வீடு மேரிக்குத்தான்’ என்று எல்லார் முன்னாலும் சொல்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. மேரி தன் கைக்காசைப் போட்டு ஒரு கூடம் கட்டுகிறார், கிணறு வெட்டுகிறார். பெரியப்பா இறந்ததும், வெளிநாட்டில் இருக்கும் மகன் வந்து வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார். மேரிக்கு ஆலோசனை கூறுக.

இங்கிலாந்துச் சட்டத்தில் மேரிக்குப் பிடிமானம் உண்டு. ஒருவர் கொடுத்த வாக்கை நம்பி இன்னொருவர் தன் வாழ்க்கையை மாற்றிக்கொண்டால், பிறகு அவரைக் கைவிட நீதிமன்றம் லேசில் விடாது. பிள்ளைகள் அதை ஆர்வமாக எழுதுவார்கள். சிலர் முழு வீட்டையும் வாங்கிக் கொடுப்பார்கள். சிலர் கூடத்துக்கும் கிணற்றுக்கும் ஈடு கேட்பார்கள். ஒருத்தி இரண்டு பக்கம் கூடுதலாக எழுதி, வழக்கு முடியும்வரை மேரியை யாரும் வெளியேற்ற முடியாதபடி தடை வாங்குவது எப்படி என்று விளக்கியிருந்தாள். அவளுக்கு அந்த வருஷத்தின் அதிகப் புள்ளியைப் போட்டேன்.

மேரி என் அக்கா. பெயர் புஷ்பம். அவளுக்கு ஒரு வழி கண்டுபிடித்த பிள்ளைகளுக்கெல்லாம் நான் புள்ளி போட்டேன். அந்த வழிகளில் ஒன்று, அவள் வாழும் இலங்கையின் கண்டியிலும் இருக்குமா என்று ஒரு சட்டத்தரணிக்கு ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்கவில்லை.

2

ஏன் கேட்கவில்லை என்று சொன்னால்தான் இந்தக் குறிப்புக்கு அர்த்தம்.

கதையில் வரும் வெளிநாட்டு மகன் சேகர் அண்ணன். பெரியப்பாவின் ஒரே பிள்ளை, லண்டனில் இருக்கிறார். நான் இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் எனக்காக ஒரு கம்பளிக் கோட்டோடு நின்றவர் அவர்தான். இங்கே எனக்கென்று இருக்கும் சொந்தம் அந்த ஒரு வீடு. எங்கள் நகரத்தில் யாழ்ப்பாணத் தமிழர்கள் இருக்கிறார்கள், நல்லவர்கள். ஆனாலும் நான் ‘வாங்க, போறோம்’ என்று பேசுவதைக் கேட்டதும், ‘நீங்கள் இந்தியாவோ?’ என்று கேட்பார்கள். கண்டி என்றால், ‘அங்கேயும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?’ என்பார்கள். விளக்கி விளக்கி வாய் வலித்துப்போய், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் காரை எடுத்துக்கொண்டு சேகர் அண்ணன் வீட்டுக்கு ஓடிவிடுவோம். அங்கே யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம். மாசிச் சம்பல் இருக்கும், சத்தமாகச் சிரிக்கலாம்.

பெரியப்பா கண்டிக்கு அப்பால் மலையில் உள்ள ஹுன்னஸ்கிரியவில் கடை வைத்திருந்தவர். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, சொந்தக் காசில் ரோட்டோரமாக ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவர்தான். அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபோது அக்கா கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலையாக இருந்தாள். தனிக்கட்டை. ‘நீதான் போய்ப் பாத்துக்கணும்’ என்று சேகர் அண்ணன் லண்டனிலிருந்து சொன்னார். போனாள். ஒரு ஆடிப் பூசையன்று மாரியம்மன் கோயிலில், பெரியப்பா அவள் கையில் வெற்றிலை பாக்கை வைத்து, எரிகிற சூடத்துக்கு முன்னால் வீடு அவளுக்கு என்று சொன்னார். பூசாரி இருந்தார், கடைத்தெரு ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அது முடிந்த காரியம். அதற்கு மேல் நொத்தாரிசிடம் போய்க் காணி உறுதி எழுதித் தரக் கேட்பது, பெரியப்பாவின் முகத்துக்கு நேரே அவரைச் சந்தேகப்படுவது போல. அக்கா கேட்கவில்லை. நான் அங்கே இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

பெரியப்பா போன பிறகு சேகர் அண்ணன் வீட்டை விற்க நினைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் இங்கே வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு. ஒரு தீபாவளியன்று என் தட்டில் இறைச்சியை அள்ளிப் போட்டுக்கொண்டே, புஷ்பம் வெளியே போக மாட்டேன் என்கிறாள், நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன் என்றார். ‘பாப்போம்ணே’ என்றேன். அடுத்த வாரமே அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது, இதுக்கு ஏதாவது வழி இருக்கா தம்பி என்று கேட்டாள். அவளுக்கும் ‘பாப்போம்க்கா’ என்றேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் சுகம் விசாரித்தோம், மழை விசாரித்தோம். வீட்டுப் பேச்சு வரும் இடத்தில் நானே வேறு பேச்சுக்குத் தாவினேன்.

அதே மாதத்தில்தான் மேரி பிறந்தாள். மாரியம்மன் கோயிலை எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை விருந்தை வைத்தேன். என் மகள் அபி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கேள்வியின் ஆங்கிலத்தைச் சரிபார்க்க அவளிடம்தான் கொடுத்தேன். படித்துவிட்டு, இது புஷ்பம் அத்தையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வீட்டில் அவளோடு தமிழ் பேசினாலும் அவள் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். சும்மா ஒரு கற்பனை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

3

இந்த வருஷம் ஈஸ்டர் விடுமுறையில் கண்டிக்குப் போனேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றேன். கடவுச்சீட்டில் பிறந்த இடத்தைப் பார்த்த அதிகாரி சிரித்துக்கொண்டு சிங்களத்தில் என்னவோ கேட்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு முத்திரை குத்தினார்.

கண்டியில் சட்டம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பு எடுக்கக் கேட்டிருந்தார்கள். என் பள்ளித் தோழன் ஒருவனின் ஏற்பாடு. ‘சட்டத்தை வாழ்க்கையிலிருந்து கற்பிப்பது எப்படி’ என்று தலைப்புப் போட்டிருந்தான். இருபத்தைந்து வருஷத்தில் நான் தமிழில் சட்டம் பேசியதே இல்லை. முதல் அஞ்சு நிமிஷத்தில் உறுதி என்று சொல்ல வேண்டிய இடத்தில் பத்திரம் என்றேன், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தோழன் முன்வரிசையிலிருந்து திருத்தினான். பிறகு சூடு பிடித்துவிட்டது. என்னை மறந்து பேச ஆரம்பித்தேன்.

நான் வேறொரு உதாரணம் தயார்செய்து வைத்திருந்தேன். ஆனால் பிள்ளைகள் கொட்டாவி விடுவதைப் பார்த்ததும் கை தானாக மேரியிடம் போனது. அக்கா வரப்போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். வர வேண்டாம், நானே பிறகு வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியும் இருந்தேன். தமிழில் சொல்லும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து என் வாயில் வரவில்லை. மாரியம்மன் கோயில் வந்தது. வெற்றிலை வந்தது, சூடம் வந்தது, ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பெரியப்பாவின் கை நடுங்கியதாக அக்கா சொன்னதுகூட வந்தது. ஆங்கிலத்தில் ஒருநாளும் இவ்வளவு நன்றாக நான் அதைச் சொன்னதில்லை. மண்டபம் அப்படியே உட்கார்ந்து கேட்டது.

இப்போது மேரிக்கு என்ன ஆலோசனை சொல்வீர்கள் என்று கேட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு பையன் எழும்பினான். “உறுதி இல்லாட்டி ஒண்டும் செய்யேலாது சேர். சூடம் காட்டிக் காணி குடுக்கலாமெண்டால், பிறகு நொத்தாரிசு எதுக்கு? கோயில் ஐயரே போதும்.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல பதில், சரியான பதில், அதோடு கேலியும் நன்றாக இருந்தது. சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கியபோதுதான் பின்வரிசையில், மின்விசிறிக்குக் கீழே, அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மடியில் ஒரு பெரிய பை. ஏற்பாடு செய்தவர்களுக்கும் எனக்கும் சேர்த்துச் சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பஸ் பிந்தியதால் நான் பேச ஆரம்பித்த பிறகு வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் ஆட்களில் ஒருவன் மேடை ஏறினால் வீட்டார் போகாமல் இருப்பார்களா? இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எழும்பி நின்ற பையனைப் பார்த்தாள். பிறகு அடுத்ததாகக் கை தூக்கிய ஒரு பிள்ளையின் பக்கம் திரும்பினாள். வைத்தியர் வாயைத் திறக்கும்வரை நோயாளி பார்ப்பது போல, ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கை தூக்கிய பிள்ளை கண்டிக்கு மேலே ஹந்தானைத் தோட்டத்துப் பக்கத்துப் பெண். சட்டத்தைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

“சேர், அவங்க இப்ப எங்க இருக்காங்க?”

“இது ஒரு கற்பனைக் கதைம்மா” என்றேன். அக்கா பையைத் தரையில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

4

பார்சல்களை அவளே எல்லாருக்கும் கொடுத்தாள். கேலி செய்த பையனுக்கும் கொடுத்தாள், குழம்பு காரமா இருக்கும், பாத்துச் சாப்பிடுங்க என்றாள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த ஆடையைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்கா கட்டிய சோற்றை, அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டேன். எந்தக் கையால் சாப்பிட்டேன் என்று இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது. அவ்வளவு வெட்கம்.

குட்ஷெட் பஸ் நிலையம் வரைக்கும் நடந்தோம். மார்க்கெட்டைத் தாண்டும்வரை அவள் அபியைப் பற்றித்தான் பேசினாள். பிள்ளை கிழமைக்கு ஒருதரம் ‘வொய்ஸ்’ அனுப்புகிறாளாம், தமிழ் தப்புத்தப்பாக வந்தாலும் காது குளிர்கிறதாம். எனக்கு அது தெரியாது. என் மகள் தமிழை மறந்துவிட்டாள் என்று எத்தனை பேரிடம் நான் குறைப்பட்டிருக்கிறேன். அவள் என்னோடுதான் தமிழ் பேசுவதில்லை போல.

பஸ் வர நேரம் இருந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அங்க நீ படிச்சுக் குடுக்குற எடத்துலயும் இந்தக் கதையச் சொல்லுவியா தம்பி?”

“சொல்லுவேன்க்கா.”

“அங்க உள்ள புள்ளைங்க என்னா சொல்லும்?”

“வீடு உங்களுக்குக் கெடைக்கும்னு சொல்லும்.”

அவள் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தச் சட்டம் வேறு, இந்தச் சட்டம் வேறு என்று அவசர அவசரமாக விளக்க ஆரம்பித்தேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு எவ்வளவு காலமாகச் சொல்கிறேன் என்று கேட்டாள். ஆறு வருஷம் என்றேன்.

“அப்ப அங்க எனக்கு ஆறு வீடு இருக்கு” என்றாள். சிரித்துத்தான் சொன்னாள். அவளுக்கு எப்போதும் இந்த மாதிரிக் குசும்பு உண்டு. பஸ் வந்துவிட்டது. திங்கட்கிழமை டவுனுக்கு வா, ஒரு சட்டத்தரணியைப் பார்ப்போம் என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். ஆனால் என்னவோ சொல்ல வந்து நிறுத்தியது போல் இருந்தது.

5

திங்கட்கிழமையைக் கடைசியாக வைத்துக்கொள்கிறேன். எழுதக் கை வரவில்லை. முதலில் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

திரும்பி வந்ததும் சேகர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அக்கா போட்ட கூடத்துக்கும் கிணற்றுக்குமாவது நியாயமாக ஏதாவது செய்யுங்கள் என்றேன். இவ்வளவு நாளும் நீ ஒரு வார்த்தை சொல்லலியே என்றார். அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குப் பழைய இடம் இல்லை. இந்தத் தீபாவளிக்கு அழைப்பு வரவில்லை. வீடு விலைபோய்விட்டது. அக்கா இப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறாள், பழைய துணிக்கடை முதலாளியே மறுபடி வேலை கொடுத்திருக்கிறார்.

அபியிடம் நானாகச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். நீங்கள் ஒரு வக்கீலைக்கூடக் கேட்கவில்லையா என்று மட்டும் கேட்டாள். பிறகு எழும்பித் தன் அறைக்குப் போய்விட்டாள். உள்ளே அத்தைக்கு அவள் தமிழில் எதையோ பதிவுசெய்யும் சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

பாடத்தைப் பற்றி யோசிக்கிறேன். மனிதரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நான் இத்தனை நாள் சொன்னது தவறில்லை. ஆனால் நான் மனிதரிலிருந்து ஆரம்பித்து விடைத்தாளில் முடித்தேன். எங்கள் பிள்ளைகள் ‘ஆலோசனை கூறுக’ என்ற வரியைப் படித்துவிட்டு ஆலோசனையைப் பரீட்சகருக்குத்தான் சொல்கிறார்கள். மேரியிடம் யாரும் சொல்வதில்லை. மேரிக்கு விளங்கும் மொழியில் அதைச் சொல்லத் தெரியுமா, அவள் கேட்காமலே எப்போது சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதற்கெல்லாம் எங்களிடம் புள்ளித் திட்டம் இல்லை. இதையெல்லாம் சேர்த்து ஒரு புதுப் பாடத்திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சக விரிவுரையாளர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அது நிறைவேறினாலும் என் வெட்கம் குறையப் போவதில்லை. ஒரு நல்ல பாடத்திட்டத்தை வைத்து இதிலிருந்தும் ஒரு பெயர் வாங்கிவிடுவேனோ என்று பயமாகக்கூட இருக்கிறது.

அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிவிட்டேன். மேரியை எடுத்துவிட்டேன். புதுக் கேள்வியில் ஒரு வேலியும் இரண்டு அயலவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் தூங்கட்டும்.

6

அந்தத் திங்கட்கிழமை.

சட்டத்தரணி எங்கள் தோட்டத்துப் பக்கமிருந்து படித்து வந்த பெண். நீதிமன்றத்துக்குக் கிட்ட, ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் அலுவலகம். அவர் அக்காவுக்கு உட்காரக் கதிரையைத் தானே இழுத்துப் போட்டார். அக்கா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். கடைசியில்தான், பஸ் ஜன்னலில் சொல்ல வந்து நிறுத்தியதைச் சொன்னாள். கடிதங்களிலேயே இத்தனை வருஷம் இழுபட்ட பிறகு, போன மாதம் மத்தியஸ்த சபையில் வைத்து, ஆனி மாதத்துக்குள் வீட்டை விட்டுப் போய்விடுகிறேன், ஒன்றும் கேட்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். சேகர் அண்ணனின் ஆள் வந்திருந்தாராம். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்களாம். யாரும் வற்புறுத்தவில்லையாம்.

சட்டத்தரணி பேனாவைக் கீழே வைத்தார். வீடு கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது, இந்த நாட்டில் உறுதி இல்லாமல் அது கஷ்டம் என்றார். ஆனால் கட்டிய கூடத்துக்கும் வெட்டிய கிணற்றுக்கும் ஈடு கேட்டிருக்கலாம், அது தீரும்வரை வீட்டை விட்டு இறங்காமல் இருக்கவும் வாதாடிப் பார்த்திருக்கலாம் என்றார். மனமொத்துக் கையெழுத்துப் போட்ட பிறகு இனித் திருப்புவது லேசில்லை. கையெழுத்துப் போடுவதற்கு ஒரு நாள் முந்தி வந்திருந்தால்கூட ஏதாவது செய்திருக்கலாம் என்றார். அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

“ஏம்மா, கையெழுத்து வைக்க முந்தி ஒருத்தர்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தம்பியைப் பற்றி யாரிடமாவது சொல்லும்போது அவள் முகத்தில் எப்போதும் வரும் அந்தப் பெருமை அப்போதும் வந்தது. நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது போல் இருந்தது.

“கேக்காம இருப்பேனா மிஸ்? தம்பிகிட்ட கேட்டேன். லோயர்மாருக்கே படிச்சுக் குடுக்குறவன். அவன் ஒண்ணும் சொல்லல, அதான் அதுல ஒண்ணும் இல்லன்னு வெளங்கிக்கிட்டேன். வழி இருந்தா எந்தம்பி சொல்லாம இருப்பானா?”

சட்டத்தரணி என் பக்கம் திரும்பினார்.